அறுபதுக்குப் பிறகு கைபேசியில் வழி பார்த்துக் கார் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருச்சியில் வசிக்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஓட்டிவந்தாலும், கைபேசியில் வழி பார்த்து ஓட்டப் பழகியது அறுபத்திரண்டாம் வயதில்தான். அப்போது எனக்கு எழுந்த ஐயங்களையும், அதன்பின் என் வயதையொத்த நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பிள்ளைகள் நமக்குச் சொல்லித்தரும்போது விரலை இரண்டு முறை ஓட்டிவிட்டு "அவ்வளவுதாம்ப்பா" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வேகத்தில் விட்டுப்போகும் செய்திகள் பல உள்ளன. நம் வயதுக்காரருக்குத் தேவைப்படுபவையும் அவைதாம்.

இத்தனை ஆண்டுகள் வழி கேட்டுக் கேட்டே ஓட்டிவிட்டேன். இப்போது எதற்கு இது?

வழி கேட்டு ஓட்டும் முறையில் எந்தக் குறையும் இல்லை. மஞ்சள் தலை கிலோமீட்டர் கல் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை என்றால் மாநில நெடுஞ்சாலை என்று தெரிந்துகொண்டு, ஊர் எல்லையில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, "அண்ணே, கும்பகோணம் இப்படியே நேராப் போகலாமா?" என்று கேட்டு ஓட்டிய தலைமுறை நாம். மாறியிருப்பது சாலை. ஊருக்குள் புகுந்து, பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் தாண்டிச் சென்ற வழிகள் புறவழிச்சாலைகளாகிவிட்டதால், நெடுந்தூரம் ஓட்டினாலும் வழி கேட்பதற்கு ஒரு மனிதர் சாலையோரத்தில் தென்படுவதில்லை. தவறான பக்கம் திரும்பிவிட்டால், நடுத்தடுப்பில் அடுத்த திறப்பு வரும்வரை சில கிலோமீட்டர்கள் போய்த்தான் திரும்ப வேண்டும்.

நாம் மனத்தில் வைத்திருந்த எண்களும் மாறிவிட்டன. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010-இல் புதிய எண்கள் கொடுக்கப்பட்டபோது, விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு வரும் பழைய 45, 38 ஆனது; சேலத்திலிருந்து கோவை செல்லும் 47, 544 ஆனது; கன்னியாகுமரிக்குப் போகும் 7, 44 ஆனது. பலகையில் 38 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, வழி தவறிவிட்டோமோ என்று வண்டியை ஓரங்கட்டிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் சரியான சாலையில்தான் இருந்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. இரவில் எதிர்வெளிச்சம் கண்ணைக் கூசும்போது தூரத்துப் பலகையைப் படிக்க முடிவதில்லை. வலப்பக்கம் பிரிய வேண்டும் என்பதை ஒரு குரல் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கடைசி நொடியில் வண்டியை ஒடிக்க வேண்டியிராது.

எந்தச் செயலியைப் பயன்படுத்துவது?

ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுள் மேப்ஸ் முன்கூட்டியே இருக்கும். தொடக்கத்திற்கு அதுவே போதும். நம் நாட்டிலேயே உருவான மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பிள்ஸ் செயலியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் பேசவிடுவதுதான் கூடாது. ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்பது கைக்குப் பழகும்வரை அதிலேயே இருங்கள்.

இணைய இணைப்பு இல்லாத இடத்தில் இது நின்றுவிடாதா?

இந்த அச்சம்தான் பலரைத் தடுத்து நிறுத்துகிறது. கைபேசி இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அச்சம் தீர்ந்துவிடும்.

நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் கைபேசி செயற்கைக்கோள்களிடமிருந்து அறிகிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரக் குறிப்பை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்புகள் கிடைத்தால், அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கைபேசி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். வானொலிப் பெட்டி ஒலிபரப்பைப் பெறுவதைப் போலத்தான் இது: பெறுவது மட்டுமே, அனுப்புவது இல்லை, இதற்கு இணையமும் வேண்டாம், சிம் அட்டையும் வேண்டாம். வானம் திறந்திருந்தால் சில மீட்டர் துல்லியம் கிடைக்கும். சுரங்கப்பாதைக்குள்ளும், மேம்பாலத்துக்கு அடியிலும், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் தடுமாறும்.

இணையம் தேவைப்படுவது வரைபடத்தைக் கொண்டுவருவதற்கும், வழியைக் கணக்கிடுவதற்கும், போக்குவரத்து நெரிசலை அறிவதற்கும்தான். புறப்படும்போதே வழியைப் போட்டுவிட்டால், நடுவில் சிக்னல் போனாலும் பெரும்பாலும் அந்த வழி திரையில் இருந்துகொண்டே இருக்கும். மலைப்பகுதிக்கோ காட்டுப் பகுதிக்கோ போவதாக இருந்தால், வீட்டு வைஃபையில் இருக்கும்போதே அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைபேசியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அப்போது நெரிசல் தெரியாது. ஆனால் வழி தெரியும்.

ஊர்ப் பெயரைப் போட்டால் வேறு ஏதோ ஊரைக் காட்டுகிறதே?

கைபேசியில் வழி பார்ப்பதில் மிக முக்கியமான இடம் இதுதான். வழி தவறுவதில் பெரும்பகுதி சாலையில் நடப்பதில்லை. புறப்படுவதற்கு முன், பெயரைப் போடும்போதே நடந்துவிடுகிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் உறவினர் வீட்டுத் திருமணம். பெயரைப் போட்டு, வந்த முதல் விடையைத் தொட்டுவிட்டுப் புறப்பட்டேன். விராலிமலை, துவரங்குறிச்சி வழியாகப் போய், கொட்டாம்பட்டியில் பிரிந்து, சிங்கம்புணரி வழியாகச் சேர வேண்டியவன் நான். கைபேசியோ என்னை நாமக்கல் பக்கம் திருப்பியது. அது காட்டிய திருப்பத்தூர், 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூர். சாலை தெரிந்தவன் என்பதால் பத்து நிமிடத்தில் விழித்துக்கொண்டேன்; தெரியாதவராக இருந்திருந்தால் முகூர்த்தத்தைத் தவறவிட்டிருப்பார். அன்றைக்குத் திரையிலேயே ஓர் எச்சரிக்கை இருந்திருக்கிறது: நூறு கிலோமீட்டர் அளவில் இருக்க வேண்டிய தூரம், இருநூறுக்கு மேல் காட்டியிருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் ஒரே பெயரில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. குருபகவானுக்குப் பெயர்பெற்ற ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி வட்டத் தலைநகராக இருக்கிறது. வேலூர் என்று ஒரு மாநகரம். நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர். நல்லூர், புதூர், கோவில்பட்டி ஆகியவற்றை எண்ணி முடியாது. ஆகவே ஊர்ப் பெயருடன் மாவட்டப் பெயரையும் சேர்த்தே போடுங்கள். விடை வந்ததும் வரைபடத்தைச் சுருக்கி, அந்த ஊர் நாம் நினைக்கும் திசையில், நினைக்கும் தொலைவில் இருக்கிறதா என்று பாருங்கள். நமக்குத் தெரிந்த இரண்டு பெரிய ஊர்களாவது வழியில் வருகின்றனவா என்பதையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யும் அறிவு இளைஞர்களைவிட நமக்கு அதிகம். முப்பது ஆண்டுகள் ஓட்டிய அனுபவம் பயன்படும் இடம் இது.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. ஒரே ஊரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள். ழகரம் வந்தால் இன்னும் சிக்கல். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது; அந்த அளவுக்கு இது தீராத விவகாரம். தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள்; அல்லது தேடும் கட்டத்தில் உள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு, "திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். எழுத்து சிறியது, விரல் பெரியது என்ற இடரும் அதில் தீர்ந்துவிடும்.

கிராமத்து வீடுகளுக்கும் புதுநகர்களுக்கும் முகவரியே சரியாக இராது. அங்கே, நாம் பார்க்கப் போகிறவரையே வாட்ஸ்அப்பில் அவருடைய இருப்பிடத்தை அனுப்பச் சொல்வதுதான் சிறந்த வழி. அனுப்பும்போது அவர் அந்த வீட்டில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் இருந்தபடி "இருப்பிடம் அனுப்பிட்டேன் சார்" என்று சொல்பவர்கள் உண்டு. நாம் அந்த அலுவலக வாசலில் போய் நிற்போம்.

திரையைப் பார்த்தால் சாலை தெரியவில்லை, சாலையைப் பார்த்தால் திரை மங்கலாகிறது. என்ன செய்வது?

நாற்பது வயதைத் தாண்டியதும் கண்ணின் வில்லை தன் நெகிழ்வை இழக்கத் தொடங்குவதால், தூரத்திலிருந்து அருகே பார்வையை மாற்றுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அறுபதில் அந்தத் தாமதத்தை நாமே உணரலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குள் 17 மீட்டர் அளவுக்கு ஓடிவிடுகிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் தூரத்தைக் கண்மூடிக் கடந்ததற்குச் சமம். புறவழிச்சாலையில் வேகம் 80 என்றால் அது 44 மீட்டர்.

எனவே நம் வயதினருக்கு இந்தச் செயலி கேட்பதற்கானதே தவிரப் பார்ப்பதற்கானது அன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். குரலைக் கேட்டு ஓட்டுங்கள். திரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சிக்னலில் நிற்கும்போதோ, ஓரங்கட்டிய பிறகோ பாருங்கள். கைபேசி அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இரவில் திரை தானாகக் கறுப்புப் பின்னணிக்கு மாறும்படி வைத்திருந்தால் கண் கூசாது.

படிப்பதற்கு மட்டுமான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. அதில் சாலை மங்கும். இருபார்வைக் கண்ணாடி அணிபவர்கள், கைபேசி வைக்கும் இடம் கீழ்ப்பகுதிக் கண்ணாடி வழியாகத் தெரிகிறதா என்று நின்ற வண்டியில் அமர்ந்து சோதித்துக்கொள்வது நல்லது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு மருத்துவச் சான்றும் தேவை. அந்தச் சான்றைச் சடங்காகக் கருதாமல், அப்போதே கண் மருத்துவரிடம் போய், இரவுப் பார்வையையும் கண்புரையையும் முறையாகப் பார்த்துக்கொள்ளும்படி உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பார்வை சரியில்லாத குறையை எந்தச் செயலியும் ஈடுசெய்யாது.

கைபேசியை எங்கே வைப்பது? போலீசார் பிடிக்க மாட்டார்களா?

கையில் பிடித்துக்கொண்டோ, மடியில் வைத்துக்கொண்டோ, கியர் அருகே போட்டுவிட்டோ ஓட்டவே கூடாது. கைபேசி ஹோல்டர் ஒன்றை வாங்கி, ஏசி காற்று வரும் துளையிலோ டேஷ்போர்டிலோ பொருத்துங்கள். நான் ஏசித் துளையைத்தான் விரும்புகிறேன்: நம் வெயிலில் கைபேசி சூடேறித் திரை மங்கிவிடும், குளிர்காற்று பட்டால் அந்தத் தொல்லை குறையும். முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டினால் எதிரே வரும் இருசக்கர வண்டி அதன் பின்னால் மறைந்துவிடும். சார்ஜர் வண்டியிலேயே இருக்கட்டும். திரை எரிந்துகொண்டே இருப்பதால் பேட்டரி விரைவாகத் தீரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கைபேசியை வழி அறிவதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்த அனுமதிக்கிறது. மற்றபடி ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையாள்வது 184-ஆம் பிரிவின்கீழ் ஆபத்தாக ஓட்டிய குற்றம். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமும் சிறைத்தண்டனையும் அதில் சொல்லப்பட்டுள்ளன. ஹோல்டரில் இருக்கும் கைபேசி வழி காட்டினால் குற்றமில்லை. ஓடும் வண்டியில் அதைத் தட்டிக்கொண்டிருந்தால் குற்றம்.

தமிழில் பேசுமா? அது சொல்வது எனக்குப் புரியவில்லை.

பேசும். கூகுள் மேப்ஸில் தமிழ்க் குரல் 2018 முதல் இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் வழிகாட்டும் குரலின் மொழியைத் தமிழாக மாற்ற வேண்டும். ஒலிப்பு சில இடங்களில் விசித்திரமாக இருக்கும், ஊர்ப் பெயர்களைச் சிதைக்கும். ஆனால் இடமா வலமா என்பதில் ஐயம் வராது.

தூரத்தைச் சொல்வதுதான் தொடக்கத்தில் குழப்பும். "300 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றால் எவ்வளவு தூரம்? நெடுஞ்சாலையில் அது பதினைந்து நொடிக்குள் வந்துவிடும். நகர நெரிசலில் இரண்டு நிமிடம் ஆகும். அந்த அளவு பழகும்வரை, குரல் வந்ததும் முதலில் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.

மேம்பாலங்களில் கூடுதல் கவனம் தேவை. பாலத்தின் மேலே போகிறோமா, அடியில் உள்ள சாலையில் போகிறோமா என்பதைச் செயற்கைக்கோள் முறையால் எளிதாகப் பிரித்தறிய முடியாது. இந்தியாவில் பல நகரங்களில் மேம்பாலம் ஏற வேண்டுமா வேண்டாமா என்று அறிவிக்கும் வசதியை 2024-இல் கூகுள் கொண்டுவந்தது என்றாலும், சென்னைக் கத்திப்பாரா போன்ற இடத்தில் அதையே நம்பியிருக்க முடியாது. 2008-இல் திறக்கப்பட்ட அந்த மேம்பாலத்தில் கிளைகள் அடுத்தடுத்துப் பிரிகின்றன. குரல் வருவதற்குள் பிரிவு தாண்டிவிடும். அத்தகைய சந்திப்பை முதல்நாளே வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்து, எந்தப் பலகையைப் பின்பற்ற வேண்டும் என்று மனத்தில் பதித்துக்கொண்டு போங்கள்.

காது சற்று மந்தமாக உள்ளவர்கள் புளூடூத் வழியாக வண்டியின் ஒலிபெருக்கியில் குரல் வரும்படி இணைத்துக்கொள்ளலாம். பாட்டை மட்டும் அப்போது நிறுத்திவிடுங்கள்.

திருப்பத்தைத் தவறவிட்டால் பதற்றமாகிவிடுகிறது. என்ன செய்ய வேண்டும்?

எதுவும் செய்ய வேண்டாம், நேராக ஓட்டிக்கொண்டிருங்கள். நாம் வழி விலகியதைக் கைபேசி சில நொடிகளில் உணர்ந்து புதிய வழியைக் கணக்கிட்டுவிடும். அதற்குக் கோபம் வராது, நம்மைக் குறை சொல்லவும் செய்யாது. தவறவிட்ட ஒரு திருப்பம் ஐந்து நிமிடத்தையும் இரண்டு கிலோமீட்டர் பெட்ரோலையும்தான் செலவழிக்கிறது. அதைக் காப்பாற்றுவதற்காக நெடுஞ்சாலையில் திடீரென்று நிறுத்துவதும், பின்னோக்கி ஓட்டுவதும், அணுகுசாலையில் எதிர்த்திசையில் வருவதும் உயிரைப் பணயம் வைப்பது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் வழி தவறியது தெரியாது.

அது சொல்வதையெல்லாம் நம்பலாமா?

நம்பக் கூடாது. இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன், ஏனென்றால் நம்பியவர்களின் உயிர் போயிருக்கிறது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே, வழிகாட்டும் செயலியைப் பார்த்து ஓட்டியதாகச் சொல்லப்படும் கார் ஒன்று, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றுப் படுகையில் விழுந்து மூவர் இறந்தார்கள். பாலத்தின் வாயிலில் முறையான தடுப்பு இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். அந்தப் பொறுப்பு பாலத்தைப் பராமரிப்பவர்களுடையது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் கேரளத்தில் மழை இரவொன்றில் இளம் மருத்துவர்கள் இருவர் காரோடு பெரியாற்றில் மூழ்கி இறந்தபோதும் இதே காரணம் பேசப்பட்டது. 2024 ஜனவரியில் நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில், கைபேசி காட்டிய குறுக்குவழியில் போன கார் ஒன்று மக்கள் நடக்கும் படிக்கட்டில் இறங்கி நின்றுவிட்டது. அதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

செயலி ஏன் இப்படிக் காட்டுகிறது? அது சாலையைப் பார்ப்பதில்லை. சாலையைப் பற்றித் தன்னிடம் உள்ள குறிப்பைத்தான் பார்க்கிறது. இரண்டு நிமிடம் மிச்சமாகும் என்று கணக்கு சொன்னால், அது வயல் வரப்பை ஒட்டிய ஒற்றையடித் தார்ச்சாலையாக இருந்தாலும் காட்டும். நேற்று பெய்த மழையில் தரைப்பாலம் மூழ்கியதும், இன்று தேர்த் திருவிழாவுக்காக வீதி அடைக்கப்பட்டதும் உடனே அதற்குத் தெரிவதில்லை. ஆகவே சில இடங்களில் மனிதச் சொல்லையே கேட்க வேண்டும். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில், கைபேசி என்ன சொன்னாலும் இறங்கக் கூடாது. சாலை குறுகிக்கொண்டே போனால், திரும்ப இடம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். மழை இரவில் பத்து கிலோமீட்டர் சுற்றானாலும் பெரிய சாலையே நல்லது.

மலைக்குப் போகிறவர்கள் மூன்று செய்திகளைத் தாங்களே விசாரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இரவுத் தடை: முதுமலை, பந்திப்பூர் காட்டுவழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது, 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் உயர் நீதிமன்ற ஆணைப்படி 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு உண்டு. இரண்டாவது, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ். மூன்றாவது, சாலையின் கடினம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி தூரம் குறைவுதான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் செங்குத்தாக இறங்கும் பாதை அது. பிரேக் சூடேறி நடந்த விபத்துகளால், வெளியூர் வண்டிகளை அவ்வழியே இறங்கவிடாமல் காவல்துறை தடுக்கிறது. கோடைக் காலத்தில் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழிப் பாதையாக மாற்றுவதும் வழக்கம். காவலர் கைகாட்டும் திசைதான் அங்கே வழி.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரையின் மேற்பகுதியில் கார், இருசக்கர வண்டி, நடப்பவர் என்று சிறு படங்கள் இருக்கும். இந்தியாவுக்கென்று 2017 இறுதியில் சேர்க்கப்பட்ட இருசக்கர வண்டி முறை, கார் நுழைய முடியாத சந்துகளையும் காட்டும். என் கைபேசியை மகன் பைக்கில் எடுத்துப்போய்விட்டு அப்படியே திருப்பித் தந்திருந்தான். மறுநாள் கும்பகோணத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் நுழைந்து, இருபுறமும் திண்ணைகளுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. தெருக்காரர்கள் நால்வர் முன்னும் பின்னும் நின்று கைகாட்டி, கால்மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து புறப்படும் முன் அந்தக் கார்ப் படத்தைப் பார்க்காமல் நான் தொடங்குவதில்லை.

சாலை சிவப்பாகத் தெரிகிறதே, நெரிசல் அதற்கு எப்படித் தெரியும்?

சாலையில் போகும் கைபேசிகள் நகரும் வேகத்தைத் திரட்டித்தான். பல கைபேசிகள் ஒரே இடத்தில் ஊர்ந்தால் அங்கே நெரிசல் என்று முடிவு செய்கிறது. 2020-இல் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் பெர்லின் நகரில் 99 கைபேசிகளை ஒரு சிறு வண்டியில் வைத்து மெல்ல இழுத்துப்போய், வெறிச்சோடிய தெருவைச் சிவப்பாக்கிக் காட்டினார். சென்றடையும் நேரமும் இப்படிக் கணக்கிடப்படுவதுதான். நாம் நிதானமாக ஓட்டுகிறவர்கள், வழியில் இரண்டு முறை நிறுத்துகிறவர்கள். காட்டும் நேரத்தோடு ஒரு மணிக்குக் கால்மணி வீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அதைத் துரத்திக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பார்த்துச் சொல்லலாமா?

அதைவிடப் பாதுகாப்பான முறை வேறில்லை. எங்கள் வண்டியில் கைபேசி என் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. "ஏங்க, அடுத்த பாலத்துக்கு முன்னாடியே லெஃப்ட்ல இறங்கணும்" என்று அவள் சொல்வது எந்த இயந்திரக் குரலையும்விடத் தெளிவானது, ஏனென்றால் பாலமும் கடையும் கோயிலும் அவளுக்குக் கண்ணெதிரே தெரிகின்றன. பின் இருக்கையிலிருந்தும் ஒருவர் வேறொரு வழி சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும், ஒருவரே வழி சொல்வது என்று புறப்படும்போதே அன்பாகப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இதைப் பழகினால் நினைவாற்றல் குறைந்துவிடும் என்கிறார்களே?

கேட்க வேண்டிய கேள்விதான். இடத்தையும் வழியையும் நினைவில் வைப்பதில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கேயும் அதை ஒட்டிய பகுதியிலும் உள்ள இட உணர்வுச் செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ஜான் ஓ'கீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்டு மோசர் மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற நகரத்தின் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை எலினார் மக்வயர் குழுவினர் 2000-இல் கண்டறிந்தார்கள். மறுபுறம், செயலியை அதிகம் நம்பி ஓட்டுபவர்களின் வழி நினைவு மங்குவதாக 2020-இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று சொன்னது; அதில் மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதிக்கப்பட்டவர்கள் 13 பேர்தான் என்பதால் அதை இறுதி முடிவாக நான் கொள்ளவில்லை.

நான் கடைப்பிடிப்பது இதுதான். தெரிந்த வழியில் செயலியைப் போடுவதில்லை. புதிய ஊருக்குப் போகும்போது முதல்நாள் இரவே வரைபடத்தைப் பார்த்து, வழியில் வரும் ஊர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். திரும்பி வரும்போது, பகலாக இருந்தால், குரலை அணைத்துவிட்டு நினைவைக் கொண்டு ஓட்டிப் பார்க்கிறேன். கைபேசி அணைந்துபோனால் அந்தத் தாளும் உதவும்.

நான் எங்கே இருக்கிறேன் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது சங்கடமாக இருக்கிறது.

அது உங்கள் விருப்பம். பயணம் முடியும்வரை மட்டும் இருப்பிடத்தைப் பகிரும் வசதி இருக்கிறது. சேர்ந்ததும் அதுவே நின்றுவிடும். நெடுவழியில் நாம் எங்கே இருக்கிறோம் என்று மகளோ மகனோ பத்து முறை அழைக்காமல் இருப்பதே பெரிய நன்மை, ஏனென்றால் ஓட்டும்போது வரும் அழைப்பு குரலை மறித்துவிடுகிறது. வண்டி பழுதாகி நின்றால், வரைபடத்தில் நம்மைக் குறிக்கும் நீலப் புள்ளி இருக்கும் இடத்தை அப்படியே அனுப்பலாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108. பேசும்போது அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருபவருக்கு அது இன்னும் தெளிவு.

வரைபடத்தில் வங்கி, கடைகளின் தொலைபேசி எண்ணும் இருக்கிறதே, அழைக்கலாமா?

வழி கேட்க உணவகத்தை அழைக்கலாம். வங்கி, எரிவாயு, மின்வாரியம் போன்று பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் அங்கே உள்ள எண்ணை நம்ப வேண்டாம். வரைபடத்தில் உள்ள விவரங்களைப் பொதுமக்களும் திருத்த முடியும் என்பதைப் பயன்படுத்தி, மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைப் புகுத்திப் பணம் பறித்திருக்கிறார்கள். வங்கி எண்ணை உங்கள் அட்டையின் பின்புறத்திலிருந்தோ கணக்குப் புத்தகத்திலிருந்தோ எடுங்கள்.

சரி, எப்படித் தொடங்குவது?

வண்டியை எடுக்காமலே. முதல் வாரம் நாற்காலியில் அமர்ந்து, தெரிந்த ஊர்களின் பெயரைத் தமிழில் சொல்லி, வழி எப்படி வருகிறது என்று பாருங்கள். அடுத்து, வேறொருவர் ஓட்டும் வண்டியில் பயணியாக அமர்ந்து, குரல் எவ்வளவு முன்னதாக வருகிறது என்று கேளுங்கள். பிறகு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லக்கூடிய ஒரு வழியில், ஞாயிற்றுக்கிழமை காலை நெரிசல் இல்லாத நேரத்தில், செயலியைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். வழி ஏற்கெனவே தெரியும் என்பதால் அது சொல்வது சரியா என்று நீங்கள்தான் அதைச் சோதிப்பீர்கள். எங்கே அது சுற்றிவிடுகிறது, எங்கே தாமதமாகச் சொல்கிறது என்பது இரண்டு மூன்று முறையில் தெரிந்துவிடும். வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிட்டும் பாருங்கள்; அது புதிய வழி தேடும் அந்தச் சில நொடிகள் பழகிவிட்டால் பிறகு பதற்றம் வருவதில்லை.

அதன்பின் பகலில், ஐம்பது கிலோமீட்டருக்குள், நீங்கள் போகாத ஓர் ஊருக்குப் போய்வாருங்கள். நான் முதலில் போனது திருச்சியிலிருந்து கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு. ஹோல்டர், சார்ஜர், கார்ப் படம், மாவட்டப் பெயர், தூரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதன் பிறகே தொடங்கும் பொத்தானைத் தொட்டு, இருக்கைப் பட்டையைப் போட்டு வண்டியைக் கிளப்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் கோயில் வாசலில் இறங்கினோம். வழியில் ஒருமுறைகூட நான் திரையைத் தொடவில்லை.